இரைச்சலுக்குள் போன குரல்

சென்ற இதழில் வேறொரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, பாப் பாடகர் டேவிட் போவி பாடிய, ப்ளூஸ் கலந்த ஹார்ட் ராக் குழுவான ‘டின் மெஷின்’ எனக்கு மிகவும் பிடிக்கும் என்று போகிற போக்கில் ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. சிலர் கோபமாக எழுதியிருக்கிறார்கள். சிலர், அது யார் என்று கேட்டிருக்கிறார்கள். மேடை நிகழ்ச்சிகளில் ஒலிகளைக் கலந்து சரிசெய்யும் மிக்ஸருக்கு முன்னால் இருபது வருடத்துக்கு மேல் உட்கார்ந்தவன் நான். உரத்த கிடாருக்கும் பாடுகிற குரலுக்கும் நடக்கும் சண்டையைப் பக்கத்திலிருந்து பார்த்தவன். அதனால் இந்த முறை பகுதி முழுவதையும் இதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: போவி என்றால் எனக்கு 1983-ல் வந்த நடனப் பாட்டுகள்தான் தெரியும். அவ்வளவு பெரிய பாப் பாடகர் எதற்காக நான்கு பேர் கொண்ட ஒரு இரைச்சல் குழுவில் போய்ச் சேர்ந்தார்?

பதில்: நீங்கள் சொல்லும் அந்த 1983-லிருந்தே தொடங்குகிறேன். ‘லெட்ஸ் டான்ஸ்’ ஆல்பம் அவருக்கு அதுவரை இல்லாத அளவு கூட்டத்தைக் கொண்டுவந்தது. அவருடைய பழைய பாட்டுகளைக் கேட்டிராத கூட்டம் அது. 1984-லும் 1987-லும் வந்த அடுத்த இரண்டு ஆல்பங்களும் அந்தக் கூட்டத்தைத் தக்கவைத்துக்கொள்ளச் செய்தவை போலத்தான் இருக்கும். பிற்காலப் பேட்டிகளில் அவற்றைப் பற்றி அவரே உயர்வாகப் பேசியதில்லை. 1987-ல் ‘கிளாஸ் ஸ்பைடர்’ என்று ஒரு உலகச் சுற்றுப்பயணம் போனார். மேடைக்கு மேல் சுமார் 60 அடி உயரத்தில் ஒரு ராட்சதச் சிலந்தி, கீழே நடனக்காரர்கள், கதை போல வசனங்கள். அந்தச் சிலந்தியின் காலடியில் நின்று பாடிய மனிதர் எவ்வளவு சிறியவராகத் தெரிந்தார் என்பதை, அந்த நிகழ்ச்சியின் பதிவைப் பார்த்தால் நீங்களே உணர்வீர்கள்.

அந்தப் பயணத்தில் பத்திரிகைத் தொடர்பைக் கவனித்தவர்களில் ஒருவர் சாரா டெர்ரி. அவருடைய கணவர் ரீவ்ஸ் கேப்ரல்ஸ் அவ்வப்போது மேடைக்குப் பின்னால் வந்து உட்கார்வார். போவியும் அவரும் ஓவியம், தொலைக்காட்சி என்று எதையெதையோ பேசிப் பழகினார்கள். கேப்ரல்ஸ் தான் ஒரு கிடார் கலைஞன் என்று சொல்லவே இல்லை. பயணத்தின் முடிவில் சாரா தன் கணவர் வாசித்த ஒரு கேசட்டை போவியிடம் கொடுத்தார். சில மாதம் கழித்து போவி அதைப் போட்டுக் கேட்டுவிட்டு, தானே தொலைபேசியில் கூப்பிட்டார். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்தது கேப்ரல்ஸின் அந்த மௌனம். நட்சத்திரத்தின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு வாய்ப்புக் கேட்காமல் இருந்திருக்கிறார். பிறகு பன்னிரண்டு வருடம் போவியோடு நின்று, ‘இது சரியில்லை’ என்று முகத்துக்கு நேராகச் சொல்லக்கூடிய ஆளாக இருந்தவரும் அவர்தான்.

1988-ல் இருவரும் வேலையைத் தொடங்கினார்கள். டிரம்ஸுக்கு ஹன்ட் சேல்ஸ், பேஸ் கிடாருக்கு டோனி சேல்ஸ் என்ற அண்ணன் தம்பிகள் வந்து சேர்ந்தார்கள். 1977-ல் ராக் பாடகர் இக்கி பாப்பின் ‘லஸ்ட் ஃபார் லைஃப்’ ஆல்பத்தில் அந்தப் பிரபலமான டிரம்ஸ் அடி இருக்கிறதே, அது ஹன்ட் சேல்ஸ் அடித்தது. அந்த ஆல்பத்தில் போவியும் கீபோர்டு வாசித்திருக்கிறார். ஆக, முன்பின் தெரியாதவர்கள் இல்லை. சுவிட்சர்லாந்தின் மான்ட்ரோவிலும் பஹாமாஸின் நசாவிலும் உள்ள ஸ்டுடியோக்களில் டிம் பால்மர் என்ற தயாரிப்பாளரை வைத்துக்கொண்டு பதிவு செய்தார்கள். நால்வரும் ஒரே அறையில் நின்று வாசித்தார்கள். ஒன்றிரண்டு முறை வாசித்ததை அப்படியே வைத்துக்கொண்டார்கள். பாட்டு வரிகளைத் திருத்த வேண்டாம், முதலில் வந்ததே இருக்கட்டும் என்று மற்ற மூவரும் போவியைப் பிடித்துவைத்தார்கள். ஒவ்வொரு ஒலியையும் அளந்து வைக்கிற பாப் வேலைக்கு நேர் எதிரான வேலை.

எதற்காகச் சேர்ந்தார் என்று கேட்டீர்கள். அவருக்கு மூச்சு முட்டியது. சத்தமான ஒரு சின்ன அறை தேவைப்பட்டது. எனக்குத் தெரிந்த காரணம் இவ்வளவுதான்.

கேள்வி: நீங்கள் அதை ‘ப்ளூஸ் கலந்த ஹார்ட் ராக்’ என்று எழுதியிருந்தீர்கள். கேட்டுப் பார்த்தேன். எனக்கு இரைச்சல்தான் கேட்டது. ப்ளூஸ் எங்கே இருக்கிறது?

பதில்: நியாயமான கேள்வி. ப்ளூஸ் என்பது அமெரிக்கக் கறுப்பின மக்களிடமிருந்து வந்த இசை. ப்ளூஸ் என்றதும் மெதுவான சோகப் பாட்டு என்று பலர் நினைத்துக்கொள்கிறோம். சோகம் அதில் உண்டு, ஆனால் ப்ளூஸை ப்ளூஸ் ஆக்குவது அதன் கட்டுமானம். பன்னிரண்டு பார் (நம் தாள ஆவர்த்தனம் போன்ற அளவு), பெரும்பாலும் மூன்றே கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு). முதல் அடியைப் பாடுவார்கள், அதையே திரும்பவும் பாடுவார்கள், மூன்றாவது அடியில் அதற்கு ஒரு முடிவு சொல்வார்கள். ஒவ்வொரு அடியும் அதற்குரிய இடத்தை முழுதாக நிரப்பாது. குரல் பாதியில் நின்றுவிடும். மிச்சமிருக்கும் இடத்தில் கிடார் பதில் சொல்லும். குரல் கேட்கும், கிடார் பதில் சொல்லும், மறுபடி குரல் வரும்.

அடுத்தது சுரம். நம் கர்நாடக இசைக் கணக்கில் சொன்னால், சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவே, இரண்டிலும் நிலையாக நிற்காத ஒரு காந்தாரம். கிடார் கலைஞர் கம்பியை விரலால் பக்கவாட்டில் தள்ளி அந்த இடத்துக்குப் போகிறார். கமகம் கேட்டுப் பழகிய காதுக்கு இது உடனே பிடிபட்டுவிடும்.

சரி, இது எப்படி உரத்த சத்தமாக மாறியது? ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸ் 1943-ல் மிசிசிப்பியிலிருந்து சிகாகோவுக்கு வந்தார். நெரிசலான மதுக்கூடங்களில் மரக் கிடாரின் சத்தம் எடுபடவில்லை, மின்சாரக் கிடாருக்கு மாறினார். கிடாரின் ஒலியைப் பெருக்கும் வால்வு ஆம்பைத் தாங்கும் அளவுக்கு மேல் திறந்தால் ஒலியலையின் முகடுகள் வெட்டுப்பட்டுப் போகும். அதில் புதிய மேல்சுரங்கள் முளைக்கும், ஒலி சீக்கிரம் மங்காமல் நீண்டு நிற்கும். வளைத்த சுரம் பாடுவது போல நிற்பதற்கு இதுதான் காரணம். 1960-களில் பிரிட்டனின் இளைஞர்கள் இந்த ப்ளூஸ் இசைத்தட்டுகளைத் தேடித்தேடிக் கேட்டு, அதே சுரங்களை இன்னும் பெரிய ஆம்புகளில் வாசித்தார்கள். 1966-ல் ‘கிரீம்’ குழு தொடங்கியது. அதே வருடம் கிடார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் லண்டனுக்கு வந்து இறங்கினார். ஒலி இவ்வளவு கரடுமுரடானால் முழு கார்டு வாசித்தால் குழம்பிவிடும். கார்டின் நடுவிலுள்ள காந்தாரம் மற்ற சுரங்களோடு மோதிக் கரகரக்கும். அதனால் காந்தாரத்தை எடுத்துவிட்டு ஷட்ஜமமும் பஞ்சமமும் மட்டும் வாசித்தார்கள். ஹார்ட் ராக்கின் ‘பவர் கார்டு’ என்பது இதுதான். விட்டுப்போன அந்தக் காந்தாரத்தைக் குரலும் தனிக் கிடாரும் தங்கள் இஷ்டப்படி வளைத்துக்கொள்ளலாம். ப்ளூஸும் ஹார்ட் ராக்கும் அத்தனை எளிதாக ஒட்டிக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன்.

இப்போது 1989 ஆல்பத்தின் முதல் பாட்டு ‘ஹெவன்ஸ் இன் ஹியர்’ போட்டுக் கேளுங்கள். கிட்டத்தட்ட ஆறு நிமிடம். தொடக்கத்தில் வரும் கிடார் துணுக்கு சுத்தமான ப்ளூஸ். போவி ஒரு அடி பாடி நிறுத்துகிறார், துணுக்கு பதில் சொல்கிறது. அந்த முதல் சில நிமிடங்களில் நீங்கள் தேடுகிற ப்ளூஸ் முழுதாக இருக்கிறது.

ஆனால் உங்கள் காது சொன்னதும் பொய்யில்லை. போகப்போக கேப்ரல்ஸ் தன் முறைக்காகக் காத்திருப்பதில்லை. குரல் பாடும்போதே பதில் சொல்ல ஆரம்பித்துவிடுகிறார். ஹன்ட் சேல்ஸும் கிடைத்த இடத்தையெல்லாம் அடித்து நிரப்புகிறார். தனித்தனியாகக் கேட்டால் ஒவ்வொருவரும் அற்புதம். சேர்த்துக் கேட்கும்போது, எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுகிற வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். டின் மெஷின்மீது எனக்கு இருக்கும் ஒரே வருத்தம் இது. ப்ளூஸின் சுரங்களை எடுத்துக்கொண்டார்கள், அந்தக் காலி இடத்தைப் பல பாட்டுகளில் மறந்துவிட்டார்கள்.

கேள்வி: அந்த ஆல்பங்கள் விற்றனவா?

பதில்: முதல் ஆல்பம் ‘டின் மெஷின்’ 1989 மே மாதம் வந்தது. பிரிட்டன் பட்டியலில் 3-வது இடம், அமெரிக்காவில் 28-வது. இரண்டாவது ஆல்பம் 1991 செப்டம்பரில். பிரிட்டனில் 23, அமெரிக்காவில் 126. 1992-ல் வந்த நேரடி நிகழ்ச்சிப் பதிவு பிரிட்டன் பட்டியலுக்குள்ளேயே வரவில்லை. முதல் ஆல்பத்தை வெளியிட்ட இஎம்ஐ நிறுவனம் இரண்டாவதை வெளியிடவில்லை. ‘விக்டரி’ என்ற புது நிறுவனம்தான் வெளியிட்டது.

கேள்வி: பாப் பாடகர் திடீரென்று ப்ளூஸ் பக்கம் போவது, தனக்கு மரியாதை தேடிக்கொள்கிற வேலை என்று என் நண்பன் சொல்கிறான். போவிக்கும் ப்ளூஸுக்கும் அதற்கு முன்னால் என்ன சம்பந்தம்?

பதில்: உங்கள் நண்பருக்கு நான் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன். ஏனென்றால் இந்தக் குற்றச்சாட்டு போவியின் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியை மறைத்துவிடுகிறது.

1964-ல் அவருக்குப் பதினேழு வயது. அப்போது அவர் டேவி ஜோன்ஸ். போவி என்ற பெயர் பிறகு வந்தது. அவர் பாடிய குழுவின் பெயர் ‘கிங் பீஸ்’. ஸ்லிம் ஹார்ப்போவின் ஒரு ப்ளூஸ் பாட்டிலிருந்து எடுத்த பெயர். அடுத்த குழு ‘மேனிஷ் பாய்ஸ்’. அதுவும் மடி வாட்டர்ஸ் பாட்டின் பெயர். 1965-ல் அந்தக் குழு, பாபி ப்ளான்ட் பாடிப் புகழ்பெற்ற ஒரு ப்ளூஸ் பாட்டைப் பதிவு செய்தது. அன்றைக்கு ஸ்டுடியோவில் கூலிக்கு வாசிக்க வந்த கிடார் கலைஞர் ஜிம்மி பேஜ். அவர் ‘லெட் செப்பலின்’ என்ற ராக் குழுவைத் தொடங்குவதற்கு மூன்று வருடம் முன்னால். பேஜ் தனக்குத் தேவைப்படாத ஒரு கிடார் துணுக்கை இந்தப் பதினெட்டு வயதுப் பையனுக்குக் கொடுத்தார். பையன் அதை மறக்கவில்லை. 1970-ல் ‘தி சூப்பர்மென்’ பாட்டில் பயன்படுத்தினார். 1997-லும் இன்னொரு பாட்டில் அது வந்தது.

‘தி சூப்பர்மென்’ இருக்கும் ஆல்பம் ‘தி மேன் ஹூ சோல்ட் தி வேர்ல்ட்’. டின் மெஷினுக்கு 18 வருடம் முன்னாலேயே போவி உரத்த ஹார்ட் ராக்கில் முழுதாக இறங்கிய ஆல்பம் இது. அதற்கு முந்தைய வருடம்தான் விண்வெளி வீரனைப் பற்றிய பாட்டு பிரிட்டனில் 5-வது இடம் வரை போயிருந்தது. அதே போன்ற இன்னொரு பாட்டு வரும் என்று எல்லோரும் காத்திருந்தபோது, எட்டு நிமிட ‘தி விட்த் ஆஃப் எ சர்க்கிள்’ வந்து நின்றது. கிடார், ஹல் நகரத்திலிருந்து வந்த மிக் ரான்சன். மார்ஷல் ஆம்ப், மேல்பூச்சைச் சுரண்டி எடுத்த ஒரு லெஸ் பால் கிடார், காலடியில், மிதித்து ஒலியின் நிறத்தை மாற்றும் ஒரு வா-வா பெடல். அந்தப் பெடலை எல்லோரையும் போல மேலும் கீழும் ஆட்டாமல், பாதியில் ஒரு இடத்தில் நிறுத்திவிட்டு வாசிப்பார். மூக்கடைத்த மனிதக் குரல் போல ஒரு ஒலி வரும். தயாரிப்பாளர் டோனி விஸ்கான்டியே பேஸ் கிடாரும் வாசித்தார். ‘கிரீம் குழுவின் ஜாக் புரூஸ் வாசிப்பதைக் கேளுங்கள்’ என்று ரான்சன் அவரை அனுப்பிவைத்தார். விஸ்கான்டி கேட்டுவிட்டு வந்து வாசித்த பேஸ், பாட்டுக்கு அடியில் அடங்கிக் கிடக்காமல் இரண்டாவது தனி வாத்தியம் போல ஓடுகிறது. ஒரு தடவை அந்தப் பேஸை மட்டும் பின்தொடர்ந்து கேட்டுப் பாருங்கள்.

அந்த ஆல்பத்தை எடுத்த நாட்களில் போவிக்குப் புதிதாகத் திருமணம் ஆகியிருந்தது. பல நாள் இசையை ரான்சனும் விஸ்கான்டியும் டிரம்ஸ் வாசித்த உட்மன்ஸியும் உருட்டிச் சேர்க்க, போவி கடைசி நேரத்தில் வரிகளோடு வந்தார் என்று விஸ்கான்டி குறைப்பட்டிருக்கிறார். எனக்கு அது குறையாகத் தோன்றவில்லை. முழு உரிமையோடு வாசித்த மூன்று பேரின் சத்தம் அந்த ஆல்பத்தில் இருக்கிறது.

1983-ஐயும் விட்டுவிட முடியாது. முந்தைய வருடம் மான்ட்ரோ இசை விழாவில் டெக்ஸஸ் ப்ளூஸ் கிடார் கலைஞர் ஸ்டீவி ரே வானைப் பார்த்தார் போவி. அந்தக் கிடார் கலைஞரின் சொந்த ஆல்பம் ஒன்றுகூட அப்போது வெளியாகவில்லை. அந்த விழாவில் கூட்டத்தின் ஒரு பகுதி அவரைக் கூச்சலிட்டு எதிர்த்தது. போவி அவரை நியூயார்க்குக்கு வரவழைத்து, தன் நடன ஆல்பத்தில் வாசிக்க வைத்தார். நீங்கள் ஆடிக்கொண்டு கேட்ட அந்த ‘லெட்ஸ் டான்ஸ்’ பாட்டில் கடைசிப் பகுதியில் வரும் கிடார் அவருடையது. சொல்லிச் சொல்லி நிறுத்துகிற, சுத்தமான ப்ளூஸ்.

பதினேழு வயதிலிருந்து இப்படி வந்தவரை, நாற்பத்திரண்டு வயதில் மரியாதை தேடிப் போனார் என்று உங்கள் நண்பர் சொல்வது சரியில்லை.

கேள்வி: மற்ற பாப் பாடகர்கள் யாராவது இப்படிப் போயிருக்கிறார்களா?

பதில்: நிறையப் பேர். ‘ஸ்மால் ஃபேசஸ்’ பாடகர் ஸ்டீவ் மேரியட்டும் ‘ஹெர்ட்’ குழுவின் பீட்டர் ஃப்ராம்டனும் 1969-ல் ‘ஹம்பிள் பை’ தொடங்கினார்கள். இருவரும் சிறுமிகள் சுவரில் ஒட்டிவைத்த முகங்கள். ஃப்ராம்டனின் அப்பாதான் பள்ளியில் போவிக்கு ஓவிய ஆசிரியர். அந்த 1987 சிலந்திப் பயணத்தில் கிடார் வாசித்ததும் இதே ஃப்ராம்டன். 1985-ல் ராபர்ட் பால்மர் ‘பவர் ஸ்டேஷன்’ குழுவில் பாடினார். நியூயார்க்கின் பவர் ஸ்டேஷன் ஸ்டுடியோவிலிருந்து வந்த பெயர். ‘லெட்ஸ் டான்ஸ்’ பதிவானதும் அங்கேதான். பிற்காலத்தில் ஜான் மேயர் 2005-ல் ஸ்டீவ் ஜோர்டன், பீனோ பல்லடீனோ இருவரோடும் மூவர் குழுவாக நின்றார். அவர்கள் மூவரும் அந்தக் காலி இடத்தை எவ்வளவு மதித்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: சார், நான் மெல்லிசைப் பாட்டுகள் பாடுகிறவள். நண்பர்கள் ஒரு ராக் குழு வைத்திருக்கிறார்கள், என்னைப் பாடக் கூப்பிடுகிறார்கள். மூன்றாவது பாட்டிலேயே தொண்டை கட்டிவிடுகிறது. எனக்கு இந்தப் பாட்டு ஒத்துவராதா?

பதில்: ஒத்துவரும் அம்மா. உங்கள் தொண்டையில் குறை இருப்பதாக நான் நினைக்கவில்லை. அந்த அறையில்தான் குறை.

சுற்றிலும் சத்தம் கூடினால் மனிதக் குரல் தானாக உயரும். நாம் முடிவெடுத்துச் செய்வதில்லை. லோம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் நூறு வருடத்துக்கு முன்பே இதைக் கண்டு சொல்லியிருக்கிறார். மெல்லிசை பாடும்போது மைக்கை வாயருகில் வைத்துக்கொண்டு மூச்சோடு மூச்சாகப் பாடினாலும் போதும். உரத்த கிடாருக்கு நடுவில் உங்கள் குரலே உங்களுக்குக் கேட்காது. கேட்காததால் கத்துவீர்கள். கத்தினால் சுருதி மேலே போகும், தொண்டை இறுகும்.

இதற்கு முதலில் கிடாரைக் கவனியுங்கள். கிடார் ஆம்ப் தரையில் இருந்தால் அதன் ஒலி வாசிக்கிறவரின் முழங்காலுக்குப் போகும். அவருக்குப் போதவில்லை என்று இன்னும் கூட்டுவார். எதிரே நிற்கும் உங்களுக்கு அது நேராக முகத்தில் அடிக்கும். ஆம்பை ஒரு நாற்காலியில் ஏற்றி, அவர் காதைப் பார்க்கிற மாதிரி சாய்த்து வையுங்கள். தானாகவே குறைத்துவிடுவார். அடுத்து, கரகரப்பான கிடாரும் மனிதக் குரலும் ஒரே நடு அலைவரிசையில்தான் அடர்த்தியாக இருக்கின்றன. சொற்கள் தெளிவாகக் கேட்கிற 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் கிடாரைக் கொஞ்சம் குறைத்தால், உங்கள் குரலை ஒரு புள்ளிகூடக் கூட்டாமல் முன்னால் கொண்டுவரலாம். உங்கள் குரல் உங்களுக்கே கேட்க மேடையில் வைக்கும் மானிட்டர் ஸ்பீக்கர், மைக்கின் பின்புறத்தைப் பார்த்து இருக்க வேண்டும். சாதாரண மேடை மைக் பின்புற ஒலியை அதிகம் வாங்காது, ஸ்பீக்கர் ‘கீ’ என்று கூவுவதும் குறையும். பாட்டின் சுருதியை அரை ஸ்வரமோ ஒரு ஸ்வரமோ இறக்கத் தயங்காதீர்கள். போவி தாழ்ந்த குரல் உள்ளவர். டின் மெஷினிலும் அவர் நன்றாக இருக்கிற இடங்கள் கீழ்ச்சுரத்தில் நின்று பாடுகிற இடங்கள்தான்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று. ஒரு முறை மென்மையாகப் பாடும் ஒரு பாடகர் ராக் பாட்டு பாட ஆசைப்பட்டு வந்தார். ஒலிச் சோதனையில் அவர் குரல் எங்கேயுமே இல்லை. நான் மிக்ஸரில் என்னென்னவோ செய்து பார்த்தேன், முடியவில்லை. கடைசியில் மேடைக்குப் போய், கிடார் வாசித்த பையனிடம், ‘தம்பி, அவர் பாடும்போது நீ வாசிக்காதே. அவர் நிறுத்தியதும் நீ ஆரம்பி’ என்று மட்டும் சொன்னேன். ஆம்பைக் குறைக்கவே சொல்லவில்லை. அடுத்த தடவை பாடியபோது ஒவ்வொரு சொல்லும் கேட்டது, அந்தப் பையனின் கிடாரும் முன்பைவிடப் பெரிதாகக் கேட்டது. அந்தச் சாயங்காலம்தான் ப்ளூஸ் எனக்குக் காதளவில் புரிந்தது.

குரல் கம்மல் மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் தொண்டை மருத்துவரைப் பாருங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: காதில் அடைப்பான் வைத்துக்கொண்டு ராக் கேட்பது கோழைத்தனம் இல்லையா?

பதில்: இல்லவே இல்லை. 85 டெசிபல் என்றால் எட்டு மணி நேரம் தாங்கலாம் என்பது அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். பயிற்சி அறையில் டிரம்ஸுக்குப் பக்கத்தில் அந்த அளவு சுலபமாக வந்துவிடும். போன காது திரும்பி வராது. நான் எப்போதும் வைத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ‘நான் நால்வரில் ஒருவன்’ என்று போவி சொன்னதை நீங்கள் நம்புகிறீர்களா? எல்லோரும் டிக்கெட் வாங்கியது அவருக்காகத்தானே?

பதில்: டிக்கெட் அவருக்காகத்தான் விற்றது. அதை அவரும் அறிவார். ஆனால் அவர் என்ன செய்தார் என்று பாருங்கள். அரங்கம் அரங்கமாகக் கூட்டம் வரும் ஒரு மனிதர், 1989 கோடையில் சிறிய இடங்களாகப் பார்த்து பன்னிரண்டு நிகழ்ச்சிகள் மட்டும் செய்தார். தன்னுடைய பழைய வெற்றிப் பாட்டு ஒன்றைக்கூட டின் மெஷின் மேடையில் பாடவில்லை. ஆல்பம் அட்டையில் நால்வரும் ஒரே மாதிரி கோட்டும் சூட்டும் போட்டு நிற்கிறார்கள். இரண்டாவது ஆல்பத்தில் இரண்டு பாட்டுகளை டிரம்ஸ் வாசித்த ஹன்ட் சேல்ஸ் பாடுகிறார். அதில் ‘ஸ்டேட்சைட்’ முழுக்க ப்ளூஸ் பாட்டு. போவி ஒதுங்கி நிற்கிறார். விளம்பரத்துக்காகச் சொல்கிறவர் இவ்வளவு தூரம் போக மாட்டார். நான் நம்புகிறேன்.

அந்தச் சமத்துவத்துக்கு ஒரு விலையும் இருந்தது. ‘இந்த இடத்தில் நீ வாசிக்காதே’ என்று சொல்ல ஒருவர் வேண்டுமே. நால்வரும் சமம் என்றால் யார் சொல்வது? நான் மேலே சொன்ன அந்த நெரிசல் அங்கிருந்துதான் வந்திருக்கும் என்று எனக்குப் படுகிறது.

கேள்வி: முதல் முறை கேட்பவர்கள் எந்தப் பாட்டிலிருந்து தொடங்கலாம்?

பதில்: ‘ஐ கான்ட் ரீட்’. 1989 ஆல்பத்தில் உள்ள பதிவை முதலில் கேளுங்கள். கிடார் பிறாண்டிக்கொண்டே இருக்கும், குரல் களைத்துப்போய் அதற்குள் நிற்கும். அப்புறம் 1997-ல் ஒரு திரைப்படத்துக்காக போவி அதையே மறுபடி பாடியதைக் கேளுங்கள். இரைச்சல் முழுதும் போய்விட்டது, பாட்டு மட்டும் அமைதியாக உட்கார்ந்திருக்கிறது. எனக்குப் பதினாறு வயதில் அண்ணன் கொடுத்த கேசட்டில் முதல் பதிவைக் கேட்டபோது அது நல்ல பாட்டு என்றே தெரியவில்லை. ஏதோ ஒன்று பிடித்து இழுத்ததால் திரும்பத் திரும்பப் போட்டேன். இரண்டாவது பதிவைக் கேட்ட பிறகு முதலாவதற்குத் திரும்பினேன். இன்று இரண்டில் எது பிடிக்கும் என்றால், அந்தப் பழைய இரைச்சல்தான். அதற்குள் ஒருவர் மூழ்கிக்கொண்டிருப்பது இப்போது கேட்கிறது.

இரண்டாவது ஆல்பத்தில் ‘குட்பை மிஸ்டர் எட்’ கேளுங்கள். நால்வரும் ஒருவருக்கொருவர் இடம் விட்டு வாசித்த பாட்டு.

கேள்வி: குழு எப்படி முடிந்தது? அதனால் போவிக்கு ஏதாவது கிடைத்ததா?

பதில்: 1992 பிப்ரவரி 17 அன்று டோக்கியோவின் புடோகான் அரங்கில் கடைசி நிகழ்ச்சி. அதன் பிறகு நால்வரும் சேர்ந்து மேடை ஏறவில்லை. கேப்ரல்ஸ் மட்டும் 1999 வரை போவியோடு இருந்தார். 1995, 1997 ஆல்பங்களில் கேட்கிற துணிச்சலுக்கு டின் மெஷின் நாட்கள்தான் பயிற்சி என்பது என் கருத்து. பிற்பாடு கேப்ரல்ஸ் ‘தி க்யூர்’ குழுவில் சேர்ந்தார்.

என்னைக் கேட்டால் போவிக்குக் கிடைத்த முக்கியமான ஒன்று, பழைய நண்பர் ஒருவர். 1992 ஏப்ரலில் லண்டன் வெம்ப்ளி அரங்கில் மறைந்த பாடகர் ஃப்ரெடி மெர்குரியின் நினைவு நிகழ்ச்சி நடந்தது. போவிக்குப் பக்கத்தில் கிடாரோடு நின்றவர் மிக் ரான்சன். அப்போதே புற்றுநோய் அவரைப் பிடித்திருந்தது. அடுத்த வருடம் ஏப்ரலில் போவியின் தனி ஆல்பம் ‘பிளாக் டை வைட் நாய்ஸ்’ வெளியாகி பிரிட்டனில் முதலிடம் போனது. அதில் ஒரே ஒரு பாட்டில் ரான்சன் வாசித்திருக்கிறார். ‘ஐ ஃபீல் ஃப்ரீ’. கிரீம் குழுவின் பாட்டு. 1970-ல் விஸ்கான்டியைக் கேட்கச் சொல்லி அனுப்பினாரே, அதே ஜாக் புரூஸ் இசையமைத்தது. அந்த ஆல்பம் கடைக்கு வந்த மாதமே, 29-ஆம் தேதி, ரான்சன் காலமானார். அந்தப் பாட்டில் போவி பாடி நிறுத்தும் இடத்தில் அவருடைய கிடார் உள்ளே வரும். கேட்டுவிட்டு எழுதுங்கள்.